பார்த்தேன், இல்லை

“அந்தோணியார் உன் கணக்குல இருக்கா தம்பி?”

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவர் இப்படிக் கேட்டார். நாற்பது வருடத்துக்கு மேல் தோணியில் போனவர், கடைசிப் பதினைந்து வருடம் தோணியை நடத்தும் தண்டல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போய்த் திரும்பியவர். ‘அந்தோணியார்’ அவர் பதினாறு வயதில் சோறாக்கும் பையனாக முதன்முதலில் கால்வைத்த தோணி. அந்தப் பேரில் இந்தக் கரையில் எத்தனையோ வள்ளங்களும் தோணிகளும் ஓடியிருக்கும். அவருக்கு அது ஒன்றுதான்.

மடிக்கணினியைத் திறந்து, பேரை அடித்து, நிரலை ஓட்டினேன். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. கிடைத்தவை: 0.

“இல்ல அண்ணாச்சி.”

“இல்லையா?” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, ஆனால் அவர் அதில் இல்லை. தன் வாழ்க்கையின் முதல் பக்கம் எழுதப்படவே இல்லை என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு நடந்துபோகும்போதுதான் உறைத்தது. நான் சொன்னது தவறு என்பது தெரிய இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

நானும் இரண்டு நண்பர்களும் எட்டு வருடமாகத் தோணிகளைப் பற்றிக் குறிப்பெடுத்து வருகிறோம். வயதானவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதுவதுதான் வேலை. இந்த வேலையில் எதுவும் ஒரே அளவில் கிடைக்காது. ஒரு தோணிக்குக் கட்டிய ஆசாரியின் பேர் தெரியும், நீளம் தெரியாது. இன்னொன்றுக்கு நீளம், டன், பாய்கள் எல்லாம் தெரியும், கடைசியில் என்ன ஆனது என்பது தெரியாது. மற்றொன்றைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள், மூன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் நெடுக்கும் குறுக்கும் கோடு போட்ட அட்டவணைக்குள் அடக்கப் பார்த்தால் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்கும், மீதிப் பாதியில் சொல்ல வந்தது வெட்டுப்படும். அதனால் ஆவணத் தரவுத்தளத்துக்குப் போனோம். 2009இல் வெளிவந்த மாங்கோடிபி. அதில் ஒரு தோணிக்கு ஓர் ஆவணம். எந்த ஆவணமும் அடுத்த ஆவணத்தைப் போல் இருக்க வேண்டியதில்லை. 16 மெகாபைட்டுக்குள் எதை வேண்டுமானாலும், எந்தப் பேரில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

கேட்டு எடுக்கும் நிரலை சி மொழியில் எழுதினேன். டெனிஸ் ரிச்சி 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய மொழி, இன்றைய பிள்ளைகளுக்குத் தாத்தா காலத்துச் சங்கதி. பாலிடெக்னிக்கில் இருபது வருடமாக அதைச் சொல்லிக்கொடுத்துப் பழகிய கை ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. மற்ற மொழிகள் ஒரு சொல்லைச் சொல்லாகக் காட்டும். சி அதைப் பைட்டுகளின் வரிசையாகக் கையில் கொடுக்கும். அது எனக்குப் பிடிக்கும். எவ்வளவு தேவைப்படும் என்பது அப்போது தெரியாது.

இந்தத் தரவுத்தளத்தோடு சி பேசுவதற்கு லிப்மாங்கோசி என்று ஒரு நூலகம் இருக்கிறது. அதில் கேள்வி கேட்கும் முறை எனக்கு இன்றும் அழகாகத்தான் படுகிறது. கேள்வியும் ஓர் ஆவணம்தான். ‘பேர்: அந்தோணியார்’ என்ற ஒற்றை வரி கொண்ட சின்ன ஆவணத்தைச் செய்து, இந்தச் சாயலில் இருப்பதெல்லாம் வேண்டும் என்று நீட்டுகிறோம். கேள்வி, பதில் இரண்டும் பிசான் என்ற ஒரே வார்ப்பில்தான் பயணம் செய்கின்றன. முதல் நான்கு பைட் மொத்த நீளம். பிறகு ஒவ்வொரு விவரத்துக்கும் அது எண்ணா எழுத்தா தேதியா என்று சொல்ல ஒரு பைட், அதன் பேர், அதன் மதிப்பு. கடைசியில் ஒரு பூஜ்ய பைட்.

தேடு என்று சொன்னவுடன் எதுவும் வந்துவிடாது. கையில் கிடைப்பது கர்சர் என்ற ஒரு பிடி மட்டுமே. அடுத்தது கொடு என்று முதல் தடவை கேட்கும்போதுதான் கேள்வி சர்வருக்கே போகிறது. முதல் தவணையில் 101 ஆவணங்கள் வரை வரும், பிறகு மிச்சம். நம்மிடம் ஒவ்வொன்றாகத்தான் நீட்டப்படும், அதுவும் இரவலாக. அடுத்ததைக் கேட்ட கணத்தில் முந்தையதன் மீது நமக்கு உரிமை போய்விடும். வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தால் கர்சரை, கேள்வியை, தொகுப்பை, இணைப்பை, திறந்தவனே ஒவ்வொன்றாக மூட வேண்டும். மாணவர்களுக்கு இது தொல்லை. எனக்கு இது இரவல் வாங்கிய ஏனத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பது போல.

‘அடுத்தது’ என்று கேட்டுக்கொண்டே போகும் சுற்று ஒரு கட்டத்தில் நிற்கும். உண்டு என்று வந்துகொண்டிருந்த பதில் இல்லை என்று மாறும். இந்த இல்லைக்கு இரண்டு பொருள். எல்லாம் கொடுத்தாயிற்று, இனி இல்லை என்பது ஒன்று. நடுவில் ஏதோ அறுந்துவிட்டது, மேற்கொண்டு கொண்டுவர முடியவில்லை என்பது மற்றது. இரண்டுக்கும் நூலகம் திருப்பித் தருவது ஒரே மதிப்பைத்தான். எது என்று தெரிய, சுற்று முடிந்த பிறகு ‘பிழை ஏதும் உண்டா’ என்று தனியாக ஒரு முறை கேட்க வேண்டும். அந்த ஒரு வரியை எழுதாவிட்டாலும் நிரல் ஓடும், கேட்பாரில்லை. என் முதல் நிரலில் அந்த வரி இல்லை. ஒருநாள் கரண்ட் போய் வந்ததில் சர்வர் நின்றுபோயிருந்தது, நான் கவனிக்கவில்லை. எந்தப் பேரைக் கேட்டாலும் 0 என்றது. எல்லாப் பேருக்கும் 0 என்றதால் சந்தேகம் வந்தது. ஒரே ஒரு பேரை மட்டும் கேட்டிருந்தால் நம்பியிருப்பேன்.

முத்துக் குளித்தவர்கள் இந்த இரட்டைப் பொருளை நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், ஒருவர் இறங்கினால் மற்றவர் இளைப்பாறுவார். கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பிக் கூடைக்கு ஒரு கயிறு. ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம், ஒரு நிமிடம் அல்லது அதற்குச் சற்று முன்பின். கீழே இருப்பவன் கயிற்றை இழுத்தால் மேலே இருப்பவன் தூக்க வேண்டும். இழுப்பு வரவில்லையென்றால்? இன்னும் துழாவிக்கொண்டிருக்கிறானா, அல்லது இழுக்கக்கூட முடியாத நிலையில் இருக்கிறானா? தளர்ந்த கயிறு இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று கரையில் சொல்வார்கள். அக்காவின் தாலிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் கயிற்றின் மௌனத்தை அப்படியே விட்டுவிட மாட்டான்.

இந்தக் கரையின் முத்து வரலாற்றைப் படிக்கிறவர்கள் அள்ளிய ஆண்டுகளையே படிக்கிறார்கள். எனக்கு அள்ளாத ஆண்டுகள்தான் மனதில் நிற்கின்றன. மதராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி 1922இல் எழுதினார். அவருக்கு முன்பே எட்கர் தர்ஸ்டன் 1890இல் எழுதிவிட்டார். இவற்றையும் பிந்தைய பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடந்த ஆண்டுகள் கொஞ்சம்தான், இடைவெளிதான் பெரிது. 1928க்குப் பிறகு அடுத்த சலாபம் 1955இல். அது 1961 வரை வருடா வருடம் நடந்தது. அதோடு சரி.

கடலுக்குள் பாறைப் படுகைக்குப் பார் என்று பேர். தொள்ளாயிரம் பார் அவற்றில் பேர்போனது. வெள்ளைக்காரர் குறிப்புகளில் அது தொலயிரம் என்று இருக்கும், தேடுகிறவர் இரண்டையும் தேட வேண்டும். சலாபம் வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முதலில் பாரைப் பார்க்கப் போவார்கள். ஆட்களை அங்கங்கே இறக்கி, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, வயது கணிப்பார்கள். எண்ணி அழுகவைத்து, கழுவி, கிடைத்த முத்துக்கு விலை போட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்கு வைப்பார்கள். நான்கைந்து வயது ஆகாத சிப்பி என்றால் விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் திரும்பப் போய்ப் பார்த்தால் அந்தச் சிப்பியே இருக்காது. மணல் மூடியிருக்கும். சூரன் என்று சொல்லும் சின்ன மட்டி பாய் விரித்தாற்போல் மேலே படர்ந்திருக்கும். திருக்கை வந்து தின்றிருக்கும். குஞ்சுச் சிப்பி நீரோட்டத்தில் எங்கோ போய் ஒட்டியிருக்கும்.

ஆகவே ‘சிப்பி இல்லை’ என்று அறிக்கையில் எழுதுகிறவர் எந்தப் பாரில், எந்த மாதம், எத்தனை இடத்தில் ஆள் இறக்கினேன் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. அது இல்லாமல் வெறும் இல்லைக்கு மதிப்பில்லை. அக்கரையில் ஒரு லண்டன் கம்பெனி 1906இல் இலங்கைப் பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது, அதற்கு முந்தைய சில ஆண்டுகள் கொட்டிக் கொடுத்ததை நம்பி. 1907க்குப் பிறகு அங்கே சிப்பி வரவில்லை, கம்பெனி கலைந்தது. உண்டு என்ற பதிலுக்கும் தேதி உண்டு என்பதை அவர்கள் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

முத்தைத் தரம் பிரிப்பதற்குத் துளை போட்ட பித்தளைத் தட்டுகள் வைத்திருந்தார்கள். முதல் தட்டில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று போய்க் கடைசித் தட்டில் 1000. துளை கூடக்கூட அளவு சிறுக்கும். முதல் தட்டில் நிற்காத முத்து அடுத்த தட்டில் விழும், அதிலும் நிற்காதது அதற்கடுத்ததில். தூள் முத்துக்கும் ஒரு தட்டு உண்டு. நான் எழுதிய வினவலில் நிற்காதது எங்கேயும் விழவில்லை. கேட்ட சாயலில் இல்லாத ஆவணம் ஓசையில்லாமல் விலகிக்கொண்டது. எத்தனை விலகின, ஏன் விலகின என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து வேறு வேலையாக, நண்பரின் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பென்சிலில் எழுதியிருந்தார்: அந்தோணியார். கீழே ஒரு பக்கம் விவரம். நோட்டின் எல்லாப் பக்கங்களும் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டவை என்று ஓரத்தில் டிக் வேறு. மறுபடி தேடினேன். 0. பிழை உண்டா என்று கேட்கும் வரியை அதற்குள் சேர்த்திருந்தேன், அதுவும் பிழை இல்லை என்றது.

அன்று இரவு எதையும் வடிகட்டாமல் எல்லா ஆவணங்களையும் கொட்டச் சொல்லி, கண்ணால் படித்துக்கொண்டே வந்தேன். இருந்தது. திரையில் அப்பட்டமாக ‘அந்தோணியார்’ என்றே இருந்தது. நான் அடித்த ‘அந்தோணியார்’ அதன் பக்கத்திலேயே. இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. நீளத்தை அளக்கச் சொன்னேன். நான் அடித்தது 33 பைட். உள்ளே இருந்தது 36.

பைட்டுகளை எண்களாக வரிசையாக அச்சிட்டேன். ‘தோ’ என்ற இடத்தில் என்னுடையது 224 174 164, 224 175 139. உள்ளே இருந்தது 224 174 164, 224 175 135, 224 174 190. அதாவது நான் அடித்த ஓகாரக் குறி ஒரே எழுத்து. நண்பருடையது இரட்டைக் கொம்பு ஏகாரமாக முன்னாலும், கால் தனியாகப் பின்னாலும் கிடந்தது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்ததை யூனிகோடுக்கு மாற்றிய ஏதோ ஒரு கருவி, கொம்பையும் காலையும் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறது. திரையில் வரையும்போது இரண்டும் ஒரே ‘தோ’. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். தரவுத்தளம் வேறு விதி கொடுக்காதவரை பைட்டோடு பைட்டை ஒப்பிடும், அதற்கு இரண்டும் வேறு சொல். தோணி என்ற சொல் அந்தோணிக்குள்ளேயே ஒளிந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன், இரண்டும் சேர்ந்தே தொலைந்திருந்தன.

பிறகுதான் நடுக்கம் வந்தது. ஓகாரம் மட்டும் இல்லையே. ஒகரமும் அப்படித்தான் பிரிந்திருக்கும். கொழும்பு. அந்த நண்பர் குறிப்பெடுத்த தெருக்களின் தோணிகள் எதுவும் ‘கொழும்பு’ என்று தேடியபோது வந்திருக்காது. வரவில்லை. அந்தத் தெருக்காரர்களுக்குக் கொழும்பு ஓட்டம் குறைவு, கரையோரச் சரக்கே அதிகம் என்று நான் ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். எதிரே அந்தத் தெருவைச் சேர்ந்த பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். படித்தவன் கணக்கோடு வந்து சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் இப்படிப் பிரிந்து சேரும் எழுத்துகள் நான்குதான். கொம்பும் காலுமாக ஒகரக் குறி, ஓகாரக் குறி, கொம்பும் வாலுமாக ஔகாரக் குறி, பிறகு ஔ என்ற தனி எழுத்து. ஆறு பைட்டைப் பார்த்தால் மூன்றாக்கு என்று சியில் நாற்பது வரிக்குள் ஒரு செயல்கூற்றை எழுதிவிட்டேன். இப்போது உள்ளே போகும் எந்தச் சொல்லும், கேட்கப்படும் எந்தச் சொல்லும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஔகாரக் குறியின் வால் இருக்க வேண்டிய இடத்தில் ளகரத்தைப் போட்டு அடிக்கும் பழக்கம் வேறு பலருக்கு உண்டு. அது வேறு எழுத்தேதான், எந்த விதியும் சமமாக்காது, கையால்தான் திருத்த வேண்டும்.

ஒரு பூட்டு திறந்ததும் மற்றவையும் கண்ணில் பட்டன. ‘200 டன்’ என்பதை ஒருவர் எண்ணாக ஏற்றியிருக்கிறார், ஒருவர் எழுத்தாக. 150க்கு மேல் உள்ளவை என்று கேட்டால் எழுத்தாக இருப்பவை எண்களோடு ஒப்பிடப்படவே இல்லை, ஒதுங்கி நின்றுவிட்டன. மீன் பேரில் இதைவிடப் பெரிய குழப்பம். சென்னையில் வஞ்சிரம் என்பது எங்கள் கரையில் சீலா. சென்னைக்காரர் சீலா என்றால் அது நாங்கள் ஊளி என்கிற மீன். இதற்கு எந்த நிரலும் உதவாது, யார் எந்த ஊரிலிருந்து சொன்னார்கள் என்று பக்கத்தில் எழுதி வைப்பதுதான் வழி.

எஞ்சின் விஷயம்தான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. தண்டலிடம் முன்பு கேட்டு எழுதியதில் ஒரு தோணியைப் பற்றி, “அதுக்கு எஞ்சினே வைக்கல, கடைசி வரைக்கும் பாய்தான்” என்றிருந்தார். இன்னொன்றைப் பற்றி, “அதுல எஞ்சின் ஏத்துனாங்களா என்னன்னு தெரியல தம்பி, நான் அப்ப மாலத்தீவு ஓடிக்கிட்டிருந்தேன்” என்றிருந்தார். முதலாவதில் எஞ்சின் என்ற இடத்தில் வெற்று மதிப்பு போட்டிருந்தேன். இரண்டாவதில் அந்த இடத்தையே வைக்கவில்லை. ஏற்றியபோது சரியாகத்தான் ஏற்றியிருக்கிறேன். கேட்டபோதுதான் தவறினேன். எஞ்சின் வெறுமையாக உள்ளவை எவை என்று மாங்கோடிபியிடம் கேட்டால், வெற்று மதிப்பு உள்ளதையும் தரும், அந்த விவரமே இல்லாததையும் தரும். பிரித்துக் கேட்க வேறு குறி உண்டு, அதை நான் போடவில்லை. அறியாமையும் பாயும் ஒரே பட்டியலில் சேர்ந்து நின்றன.

1970இல் அட்டவணைத் தரவுத்தளங்களுக்கு அடித்தளம் போட்ட எட்கர் காட், இருபது வருடம் கழித்து 1990இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு இரண்டு தனி அடையாளங்கள் வேண்டும் என்று வாதாடினார். இருக்கிறது ஆனால் நமக்குத் தெரியாது என்பதற்கு ஒன்று, இருக்கவே வழியில்லை என்பதற்கு இன்னொன்று. சிக்கல் கூடும் என்று பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கென்னவோ தண்டல் அதை இரண்டு வாக்கியத்தில் சரியாகப் பிரித்திருந்தார் என்று தோன்றியது, நான்தான் சேர்த்துவிட்டேன்.

இப்போது என் நிரல் ஒரு வரியோடு நிற்பதில்லை. எதைக் கேட்டேன் என்பதை பைட் அளவோடு சொல்கிறது, எத்தனை ஆவணங்களில் அந்த விவரமே இல்லை என்று சொல்கிறது, இணைப்பு அறுந்ததா என்று சொல்கிறது, அதற்குப் பிறகுதான் கிடைத்தவை எத்தனை என்கிறது. நண்பர்கள் நீளமாக இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

கூட்டத்தில் பேசியதைத் திருத்தி, அந்தத் தெருப் பெரியவர்களுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். பிறகு அந்தோணியாரின் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு தண்டல் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தார். “எழுப்ப வேண்டாம்மா, இருக்கேன்” என்று மருமகளிடம் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்தேன். தாளை இன்னொரு முறை படித்தேன். தோணியின் நீளம் இருந்தது. இரண்டு பாய்மரம் என்றிருந்தது. கொழும்புக்கு ஓடு ஏற்றிப் போன கதை ஒன்று இருந்தது, சேர்ந்த எழுத்தில். கடைசியில் ஆட்கள் என்று போட்டு ஏழு பேர் பேரை வரிசையாக எழுதி, எட்டாவதாக நண்பர் எழுதியிருந்தார்: சமையலுக்கு ஒரு பையன், பேர் தெரியாது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. “மாமா எந்திரிச்சிட்டாங்க, உள்ள வாங்க” என்றார் மருமகள்.